வெயில் தின்னும் ஆமை

“அந்த ஆமையைப் பாரேன். முதுகு முழுக்கப் பச்சை. இன்னும் நாலு நாள் போனால் இலை விட்டுவிடும். அப்புறம் அதற்கு வாய் எதற்கு? மரம் மாதிரி வெயிலைத் தின்றே காலம் தள்ளலாம்.”

இப்படிச் சொன்னது ஒரு மீன்கொத்தி. தன் மனைவியிடம் சொன்னது. அன்று காலையிலிருந்து அதற்கு ஒரு மீன்கூடச் சிக்கவில்லை. எரிச்சலில் யாரையாவது ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்தில் ஆமை கிடந்தது. அவ்வளவுதான்.

ஆனால் கரையோரக் கோரைக்குள் ஒரு முயல் இருந்தது. முயலின் காது எவ்வளவு நீளம் என்று உங்களுக்கே தெரியும்.

இது நடந்தது ஒரு மலையடிவாரக் காட்டில். அந்தக் காட்டுக்கு ஒரே ஒரு குளம். குளத்தின் ஓரத்தில், பாதி நீருக்குள்ளும் பாதி வெளியிலுமாக ஒரு பாறை. அந்தப் பாறையின் மேல்தான் ஆமை காலையிலிருந்து மாலை வரை கிடக்கும். அதன் குணம் சோம்பல். கழுத்தை நீட்ட வேண்டியிருந்தால்கூட, நாளைக்கு நீட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிடும். பசி பொறுக்க முடியாமல் போகும்போது மட்டும் நீருக்குள் இறங்கி நத்தை தேடும். அதுவும் பக்கத்து நத்தைதான். அடுத்த நத்தை வரை நடக்காது. இப்படி அசையாமல் கிடந்து கிடந்து அதன் ஓட்டில் பாசி பிடித்துவிட்டது.

அந்த வருடம் கோடை மிகவும் கடுமையாக இருந்தது. புல் காய்ந்தது. குளத்து நீர் ஒவ்வொரு நாளும் ஒரு விரற்கடை இறங்கிக்கொண்டே போனது.

காட்டில் ஒரு தாய்ப்பன்றி இருந்தது. அதற்கு ஐந்து குட்டிகள். பிறந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. பன்றிக்குட்டிகளைப் பற்றி ஒன்று சொல்கிறேன். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காம்பு உண்டு. பிறந்த சில நாளிலேயே சண்டை போட்டு இடம் பிடித்துவிடும். அதற்குப் பிறகு இடம் மாறாது. வேறு யாரையும் அங்கே உட்கார விடவும் விடாது. பேருந்தில் துண்டு போட்டு வைத்த மாதிரிதான்.

தாய்ப்பன்றிக்கு ஒரே கவலை. தரை இறுகிக் கிடந்தது. ஒரு வள்ளிக்கிழங்கை எடுக்கக் காலை முழுவதும் தோண்ட வேண்டியிருந்தது. கிழங்கு இல்லாவிட்டால் பால் இல்லை. பால் இல்லாவிட்டால் குட்டிகள் இல்லை.

கோரைக்குள் இருந்த முயல் ஓட ஆரம்பித்தது. எதைக் கேட்டாலும் பயந்து ஓடுவது அதன் வழக்கம். ஓடிய வேகத்தில் மயில் மேல் மோதியது.

“மயிலாரே! ஆமை வெயிலைத் தின்கிறதாம்!”

“யார் சொன்னது?”

“என் காதாலேயே கேட்டேன்!”

அது பொய் இல்லை. காதால் கேட்டது உண்மைதானே?

மயில் கரடியிடம் போனது. “ஆமை மூன்று மாதமாக ஒன்றும் சாப்பிடவில்லையாம். வெயில் மட்டும்தானாம்.”

கரடி எதைச் சொன்னாலும் நம்பும். அது தாய்ப்பன்றியிடம் போய், “தங்கச்சி, உனக்கு விஷயம் தெரியுமா? ஆமை பிறந்ததிலிருந்து வாயைத் திறந்ததே இல்லை” என்றது.

சாயங்காலத்துக்குள் விஷயம் காடு முழுவதும் சுற்றிவிட்டு மீன்கொத்தியின் கிளைக்கே திரும்பி வந்தது.

“அப்படியா!” என்றது மீன்கொத்தி. “எனக்குக் காலையிலேயே சந்தேகம்.”

“என்னங்க, அது நீங்கள் விளையாட்டுக்குச் சொன்னது இல்லையா?” என்றது மனைவி.

“சும்மா இரு. காடே சொல்கிறது. காட்டுக்குத் தெரியாததா உனக்குத் தெரிந்துவிட்டது?”

மறுநாள் காலையில் முயலும் மயிலும் கரடியும் பன்றியும் பாறைக்கு முன்னால் வந்து வரிசையாக நின்றன. ஆமை தூங்கிக்கொண்டிருந்தது.

“சுவாமி!” என்றது கரடி.

ஆமை ஒரு கண்ணைத் திறந்தது. அதை யாரும் அதுவரை சுவாமி என்று கூப்பிட்டதில்லை. “ஏய், ஓடு” என்றுதான் கூப்பிடுவார்கள். தனக்குப் பின்னால் வேறு யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்க்க நினைத்தது. திரும்பச் சோம்பலாக இருந்ததால் விட்டுவிட்டது.

“தங்கள் ஆகாரம் என்ன சுவாமி?”

ஆமைக்குக் கொட்டாவி வந்தது. வாய் சூரியனைப் பார்த்துப் பெரிதாகத் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது.

“பார்த்தீர்களா! ஒரு வாய் சாப்பிட்டுவிட்டது!” என்று முயல் கத்தியது.

“மென்றுகூடத் தின்னவில்லை. அப்படியே விழுங்கியது,” என்றது மயில்.

ஆமைக்கு இரண்டாவது கண்ணும் திறந்துவிட்டது. அது சோம்பேறிதான். முட்டாள் இல்லை.

“எங்களுக்கும் அந்த வித்தையைச் சொல்லித் தர வேண்டும்” என்றது தாய்ப்பன்றி. “வெயிலைத் தின்னக் கற்றுக்கொண்டால் நாள் முழுவதும் தோண்ட வேண்டாம். குட்டிகளோடு படுத்துக் கிடப்பேன். பாலும் குறையாது.”

பேசுவதற்காக அது வாயிலிருந்த வள்ளிக்கிழங்கைக் கீழே வைத்திருந்தது. நல்ல பருமனான கிழங்கு. ஆமை அதைப் பார்த்தது. பக்கத்து நத்தைகளை எல்லாம் தின்றாகிவிட்டது. இனி அடுத்த நத்தை குளத்தின் அந்தக் கோடியில் இருக்கிறது. அவ்வளவு தூரம் யார் நடப்பது?

“குழந்தாய்” என்றது ஆமை. “அதைக் கரைத்துவிடு.”

“எதை?”

“பசியை. பசி உன் வயிற்றில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். இல்லை. கிழங்கில் இருக்கிறது. கிழங்கைப் பார்த்தால்தானே உனக்கு வாயில் நீர் ஊறுகிறது? அதைக் கொண்டுபோய்க் குளத்தில் கரை. பசியும் சேர்ந்து கரைந்துவிடும்.”

“ஆகா! என்ன ஒரு பேச்சு!” என்ற கரடி, கையிலிருந்த தேனடையை உடனே தண்ணீரில் வீசியது. வீசிய பிறகு கையை ஒரு தடவை நக்கிக்கொண்டது.

பன்றி கொஞ்சம் யோசித்தது. கிழங்கைப் பார்த்தது. காட்டுப் பக்கம் திரும்பி, குட்டிகள் படுத்திருந்த புதரைப் பார்த்தது. பிறகு கிழங்கை மூக்கால் உருட்டிக் குளத்தில் தள்ளியது. ‘களுக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், காலை முழுவதும் தோண்டியது போய்விட்டது.

மயில்தான் ஆமைக்குப் பெயர் வைத்தது. “ஒளியுண்ணி அடிகள்! எப்படி இருக்கிறது? நான்தான் வைத்தேன் என்று எல்லோரிடமும் சொல்லுங்கள்.”

அடிகள் விதிகளைச் சொல்ல ஆரம்பித்தார். மன்னிக்க வேண்டும், ஆரம்பித்தது.

தினமும் காலையில் அன்றைய பசியைக் கரைக்க வேண்டும். முதுகில் பாசி பூசிக்கொள்ள வேண்டும். பிறகு குளத்தோரச் சேற்றில் இறங்கி நிற்க வேண்டும்.

“சும்மா நின்றால் போதாது. கால் மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். அப்போதுதான் வேர் இறங்கும். உச்சி வெயில் நேரத்தில் நான் நீருக்குள் போவேன். தின்ற வெயில் செரிக்கக் குளிர்ச்சி வேண்டாமா? அந்த நேரத்தில் நீங்கள் இன்னும் வேகமாக மிதிக்க வேண்டும். ஒருவரும் கண்ணைத் திறக்கக் கூடாது.”

“திறந்தால்?” என்று முயல் நடுங்கிக்கொண்டே கேட்டது.

“உள்ளே போன வெயில் எல்லாம் கண் வழியாக வெளியே வந்துவிடும்.”

முயல் அப்போதே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது. வீட்டுக்குப் போகும்போது இரண்டு மரத்தில் முட்டிக்கொண்டது.

“எனக்குப் பாசி வேண்டாம். நான் ஏற்கெனவே பச்சை” என்றது மயில். அதற்கு விலக்கு அளிக்கப்பட்டது.

முதல் நாள் நன்றாகத்தான் போனது. கரடி மிதித்த மிதியில் குளத்தின் அந்தப் பக்கம் முழுவதும் பருப்புக் குழம்பு மாதிரி ஆகிவிட்டது. உச்சி நேரத்தில் அடிகள் நீருக்குள் போய், நெடுநேரம் கழித்து மேலே வந்தது. முகத்தில் ஒரு நிறைவு தெரிந்தது.

“பாருங்கள், எப்படி ஒளி வீசுகிறது!” என்றது கரடி. வாயோரத்தில் ஒட்டியிருந்த தேன்தான் அப்படி மின்னியது.

மூன்றாம் நாள் கரடி கேட்டது: “அடிகளே, வயிற்றுக்குள் ஏதோ உருளுகிற சத்தம் கேட்கிறது.”

“நல்லது. உள்ளே சமையல் நடக்கிறது.”

ஐந்தாம் நாள் முயல் கேட்டது: “அடிகளே, எனக்குத் தலை சுற்றுகிறது.”

“சூரியகாந்திக்குச் சுற்றவில்லையா? நீ செடியாகிக்கொண்டிருக்கிறாய்.”

ஆறாம் நாள் மயிலின் தோகையிலிருந்து நான்கு இறகுகள் உதிர்ந்தன. மயில் பதறிப்போனது.

“கோடையில் மரம் இலை உதிர்ப்பதில்லையா? உனக்குத்தான் எல்லோரையும்விட முன்னேற்றம்” என்றது ஆமை.

மயில் மீதி இறகுகளை மற்றவர்கள் பக்கம் திருப்பிக் காட்டிக்கொண்டது.

தாய்ப்பன்றிக்கு ஒன்று புரியவில்லை. இன்றைய பசியைக் கரைக்க இன்றைய கிழங்கு வேண்டும். அதனால் முன்பு போலவே காலை முழுவதும் தோண்ட வேண்டியிருந்தது. முன்பு தோண்டித் தின்றது. இப்போது தோண்டித் தண்ணீரில் போடுகிறது. மீதி நேரத்தில் மிதிக்க வேறு வேண்டும். ஏதோ ஓர் இடத்தில் தனக்குத்தான் சரியாக வரவில்லை என்று நினைத்துக்கொண்டது. எல்லோரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் அடுத்தவரிடம் கேட்கவில்லை. கேட்டால் மானம் போய்விடுமே!

எட்டாம் நாள் சாயங்காலம் குட்டிகள் தத்தம் இடங்களில் வாயை வைத்தன. கடைக்குட்டி கொஞ்ச நேரம் சப்பிவிட்டு முகத்தை எடுத்தது.

“அம்மா, என் இடத்தில் காற்றுதான் வருகிறது.”

“என் இடத்திலும்தான்” என்றது மூத்தது. முதல் முறையாக அது தம்பியைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைச் சப்பிப் பார்த்தது. அங்கேயும் இல்லை. தள்ளிவிடப்பட்ட கடைக்குட்டி சண்டைக்குக்கூட எழுந்திருக்கவில்லை. விழுந்த இடத்திலேயே படுத்துக்கொண்டது.

ஒன்பதாம் நாள் பன்றி ஆமையிடம் போய், “அடிகளே, பால் வற்றிவிட்டது” என்றது.

ஆமை சற்றும் யோசிக்கவில்லை. யோசிப்பதும் ஒரு வேலைதானே? “குட்டிகளுக்கும் பாசி பூசி வெயிலில் நிறுத்து. பாலே தேவைப்படாது.”

பன்றி ஐந்து குட்டிகளையும் கூட்டிக்கொண்டு வந்தது. மூக்கால் பாசியை எடுத்து வரிசையாகப் பூசியது. நான்கு நின்றன. கடைக்குட்டியின் கால்கள் மடிந்து, அது சேற்றில் முகம் குப்புற விழுந்தது. பன்றி அதைக் கவ்வி வெளியே எடுத்தது. முகத்தை நக்கிச் சுத்தம் செய்தது. பிறகு ஐந்தையும் ஓட்டிக்கொண்டு திரும்பிப் போனது.

“பக்தி போதவில்லை” என்றது மயில்.

குளத்தின் மறுகரையில் ஒரு மருதமரம் நின்றது. வெயிலில் நின்றே வளர்ந்த மரம். எப்படித் தின்பது என்று அதையே கேட்டுவிடலாம் என்று பன்றி அங்கே போனது.

“யார் அது? பன்றியா? வா, வா. பின்பக்கமாகத் திரும்பி வா” என்றது மருதமரம்.

“பின்பக்கமாகவா? ஏன்?”

“ஏனா? ஒன்பது நாள் ஆயிற்று. உங்களில் ஒருத்தர்கூட என் அடியில் ஒன்றுக்கும் ஒதுங்கவில்லை, இரண்டுக்கும் ஒதுங்கவில்லை. முன்னெல்லாம் அந்தக் கரடி தினம் ஒரு குவியல் வைத்துவிட்டுப் போகும். இப்போது என் கொழுந்தைப் பார். வெளிறிக் கிடக்கிறது. என்ன ஆயிற்று உங்களுக்கெல்லாம்?”

“நாங்கள் ஒன்றும் தின்பதில்லை” என்றது பன்றி. “உன்னைப் போல வெயிலைத் தின்னப் பழகுகிறோம்.”

“வெயிலை யாரம்மா தின்பார்கள்?”

“நீ தின்பதில்லையா?”

“வெயில் என் அடுப்பு. யாராவது அடுப்பைத் தின்பார்களா? வேர் கீழேயிருந்து தண்ணீர் அனுப்புகிறது. இலை காற்றை இழுத்துக்கொள்கிறது. இரண்டையும் பச்சை இலைக்குள் போட்டு வெயிலில் சமைக்கிறேன். அதுதான் என் சோறு. சோற்றுக்கு உப்பு வேண்டாமா? அது மண்ணில் இருந்து வருகிறது. மண்ணுக்கு எங்கிருந்து வருகிறது? உதிர்ந்த சருகு, செத்த பூச்சி, அப்புறம் உங்கள் பின்பக்கம்.”

“நானும் பச்சைதானே? முதுகெல்லாம் பாசி பூசியிருக்கிறேன்.”

“பாசியும் சமைக்கும். ஆனால் தனக்குத்தான் சமைக்கும். உனக்கு ஏன் போட வேண்டும்? நீ என்ன அதன் மாமியாரா?”

அப்போது கிளையிலிருந்து ஒரு குரல் வந்தது. “நானும் பச்சை. நானும் என் கையாலேயே சமைத்துச் சாப்பிடுகிறேன். தண்ணீர் மட்டும் இந்த வீட்டில் வாங்கிக்கொள்வேன்.” மரத்தின் மேல் வளர்ந்திருந்த புல்லுருவிதான் அப்படிச் சொன்னது.

“வாங்கிக்கொள்வதா? என் கிளைக்குள் குழாய் இறக்கித் திருடுகிறாய்!” என்றது மரம். “வாயை மூடு. பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறோம்.”

பன்றி தன் முதுகைத் திரும்பிப் பார்த்தது. “ஒருவேளை எனக்கு முதுகு போதவில்லையோ?”

“போதாது. என் இலைகளைப் பறித்துப் பரப்பினால் இந்தக் குளத்தை மூடலாம். அத்தனை இலையையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்கிறேன்? நிற்கிறேன். உனக்கோ ஒரே ஒரு முதுகு. அதை வைத்துக்கொண்டு நீ நடக்கிறாய், தோண்டுகிறாய், ஐந்துக்குப் பால் வேறு கொடுக்கிறாய். யாரால் முடியும்?”

“இல்லை, நான்தான் சரியாக மிதிக்கவில்லை என்று நினைக்கிறேன்” என்றது பன்றி.

“எதை மிதிக்கவில்லை?”

“சேற்றை. வேர் இறங்குவதற்குக் கால் மாற்றி மாற்றி மிதிக்க வேண்டுமே.”

மரம் சிரித்தது. சிரித்த சிரிப்பில் ஏழெட்டுச் சருகுகள் கொட்டின. “நான் எப்போதாவது கால் மாற்றி நின்று பார்த்திருக்கிறாயா?”

பன்றி இதுவரை அதை யோசிக்கவில்லை.

“அது கிடக்கட்டும்” என்றது மரம். “என் வேர் ஒன்று குளத்தின் அடிவரைக்கும் போயிருக்கிறது. ஒன்பது நாளாக யாரோ அதன் மேல் கிழங்குத் தோலைத் துப்பிக்கொண்டே இருக்கிறார்கள். எரு நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் துப்புவது யார் என்று தெரிந்தால் சொல்லிவிட்டுப் போ.”

பன்றி குளத்தைப் பார்த்தது. தாங்கள் தினமும் மிதிக்கும் பக்கம் தண்ணீர் கலங்கிக் கிடந்தது. மற்ற மூன்று பக்கமும் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது.

பத்தாம் நாள். பன்றி வழக்கம் போலக் கிழங்கோடு வந்தது. வழக்கம் போல அதைக் கரைத்தது. முதுகில் பாசி பூசிக்கொண்டு எல்லோரோடும் சேற்றில் இறங்கியது.

உச்சி வெயில் வந்தது. “கண்ணை மூடுங்கள். மிதியுங்கள்” என்று சொல்லிவிட்டு ஆமை நீருக்குள் போனது. கண்ணை மூடிய கரடி, “இடது, வலது, இடது, வலது” என்று எண்ண ஆரம்பித்தது.

“கரடியண்ணே” என்று பன்றி தணிந்த குரலில் சொன்னது. “காலை அசைக்காதே.”

“ஏன் தங்கச்சி?”

“மருதமரம் அசையாமல்தான் நிற்கிறது. அதனிடமே கேட்டுவிட்டு வந்தேன்.”

“மரமே சொல்லிவிட்டதா? அப்படியானால் சரி” என்று கரடி நின்றது. ஆமை சொன்னால் ஆமையை நம்பும். மரம் சொன்னால் மரத்தை நம்பும்.

“அடிகள் கோபித்துக்கொள்வாரே! ஐயோ, எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா!” என்றது முயல்.

“பயப்படு, வேண்டாம் என்று சொல்லவில்லை. நடுங்காமல் பயப்படு. தண்ணீர் ஆடுகிறது.”

மயில் மட்டும் மிதித்துக்கொண்டே இருந்தது. “எனக்குத்தான் எல்லோரையும்விட முன்னேற்றம். நான் ஏன் நிறுத்த வேண்டும்?”

“தண்ணீர் தெளிந்தால் உன் முகம் தெரியுமே என்று பார்த்தேன். பத்து நாளாக நீ உன் முகத்தைப் பார்க்கவே இல்லையே” என்றது பன்றி.

மயில் உடனே நின்றுவிட்டது.

நான்கும் அசையாமல் நின்றன. ஈ மூக்கில் உட்கார்ந்தபோதும் கரடி அசையவில்லை. சேறு மெல்ல மெல்லக் கீழே படிந்தது. ஏற்கெனவே பத்து விரற்கடை இறங்கியிருந்த தண்ணீர் தெளிந்துகொண்டே வந்தது.

மயிலால் பொறுக்க முடியவில்லை. முகத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு கண்ணைத் திறந்து எட்டிப் பார்த்தது.

“ஐயோ!” என்று அலறியது. “என் முகம் ஏன் கிழங்கு தின்கிறது?”

எல்லோரும் கண்ணைத் திறந்துவிட்டார்கள். முயல்கூட.

பாறைக்கு அடியில், பட்டப்பகல் வெளிச்சத்தில், ஒளியுண்ணி அடிகள் வீற்றிருந்தது. முயல் கரைத்த அறுகம்புல் அதற்கு மெத்தை. ஒரு பக்கம் கரடியின் தேனடை. இன்னொரு பக்கம் மயிலின் அத்திப்பழங்கள். பின்னால் ஒரு குவியல் வள்ளிக்கிழங்கு. பத்து நாளில் அதற்குக் கழுத்து தடித்திருந்தது. பன்றி அன்று காலை தோண்டிய கிழங்கு அதன் வாயில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக இருந்தது.

ஆமை எதேச்சையாக மேலே பார்த்தது. நான்கு முகங்கள் தெரிந்தன. மெல்வதை நிறுத்தியது. பிறகு மெதுவாக மேலே வந்து, தலையை மட்டும் நீட்டியது.

“இது வந்து” என்றது. “வெயிலுக்குத் தொட்டுக்கொள்ள.”

கரடி கையை ஓங்கியது. “ஒரே அடி. ஓடு வேறு, அடிகள் வேறாகப் பிரித்துவிடுகிறேன்.”

“வேண்டாம் அண்ணே” என்றது பன்றி. “பாவம், பசியோடு இருக்கிறார். சாப்பிடட்டும்.”

அது மூக்கை ஆமைக்கு அடியில் கொடுத்து ஒரு நெம்பு நெம்பியது. ஆமை பாறை மேல் போய் மல்லாந்து விழுந்தது. வெள்ளை வயிறு மேலேயும் பச்சை முதுகு கீழேயுமாகக் கிடந்து, நான்கு கால்களையும் காற்றில் துழாவியது.

“இத்தனை நாள் முதுகு சாப்பிட்டது. இன்றைக்கு வயிறும் சாப்பிடட்டும். வெயில் நிறைய இருக்கிறது. கூச்சப்படாமல் சாப்பிடுங்கள் அடிகளே” என்றது பன்றி.

“நன்றாகக் கால் மாற்றி மாற்றி மிதியுங்கள்!” என்று ஒரு குரல் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முயல்தான். சொல்லிவிட்டுப் பயந்துபோய்க் கரடிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். “வயிற்றை என்னவோ செய்கிறது” என்றது ஆமை.

“உள்ளே சமையல் நடக்கிறது” என்றது கரடி.

“தலை சுற்றுகிறது!”

“செடியாகிக்கொண்டிருக்கிறீர்கள்” என்றது மயில்.

“நான் நத்தை தின்கிறவன்!” என்று ஆமை கத்தியது. “எங்கள் அப்பாவும் நத்தைதான், தாத்தாவும் நத்தைதான்! பாசி தானாக ஒட்டிக்கொண்டது! வெயில் தின்கிறேன் என்று நான் எங்கே சொன்னேன்? நீங்கள்தான் வந்து சுவாமி என்றீர்கள்! என்னைத் திருப்பிப் போடுங்கள் அம்மா!”

பன்றி அதைப் பார்த்தது. பிறகு மூக்கால் ஒரு தட்டுத் தட்டித் திருப்பிப் போட்டது. ஆமை ஓடியது. ஆமை ஓடி அந்தக் காட்டில் யாரும் பார்த்ததில்லை. அன்று பார்த்தார்கள். ஓடிப்போய்த் தண்ணீரில் விழுந்து, அடுத்த நத்தை இருந்த அந்தக் கோடி வரை நிற்காமல் நீந்தியது.

“எனக்கு அப்போதே சந்தேகம்” என்றது கிளையிலிருந்த மீன்கொத்தி. அதன் மனைவி வேறு கிளைக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

கரடி தேனடைக்காகத் தலைகுப்புறப் பாய்ந்தது. மயில் அத்திப்பழங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துத் தின்றது. முயல் ஊறிப்போன மெத்தையையே தின்ன ஆரம்பித்தது. தாய்ப்பன்றி குளத்தடியில் கிடந்த கிழங்குகளைத் தோண்டி எடுத்து, கழுவாமல், சேற்றோடு சேர்த்துக் கடித்துத் தின்றது. ஒன்று, இரண்டு, ஐந்து, ஏழு. தின்றுகொண்டே நடந்து புதருக்குப் போனது. தின்றுகொண்டே குட்டிகளுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

முதல் நாள் பால் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. மூன்றாம் நாள் ஐந்து குட்டிகளும் பழையபடி முட்டிமோதிக்கொண்டு தங்கள் தங்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டன. மூத்தது தம்பியின் இடத்தில் வாய் வைக்கப் பார்த்தது. கடைக்குட்டி அதன் காதைக் கடித்துத் துரத்தியது. பிறகு சப்ப ஆரம்பித்தது. அதன் இடத்தில் காற்று வரவில்லை.

நான்காம் நாள் காலையில் தாய்ப்பன்றி எழுந்து குளத்தைச் சுற்றிக்கொண்டு மறுகரைக்குப் போனது. மருதமரத்துக்கு முன்னால் நின்றது. வெளிறிக் கிடந்த கொழுந்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தது. பின்பக்கமாகத் திரும்பியது. வாலைத் தூக்கியது.

நீதி: ஒருவர் எதைத் தின்று வாழ்கிறார் என்று தெரியாமல், அவர் பேச்சைக் கேட்டுப் பட்டினி கிடக்காதே.